குதிகாலில் சிவப்புக் கம்பளி

ஹாலோநெஸ், சஃபோக் கடற்கரை
8 செப்டம்பர் 1940

அன்புள்ள தம்பி அம்ப்ரோஸுக்கு,

அக்கா தர்ஸா எழுதுகிறேன். நான் நலம். நீ நலமா என்று கேட்டுக் கேட்டு என் பேனா தேய்ந்ததுதான் மிச்சம். நீயோ ஒரு அஞ்சலட்டையில் 'நலம், வேலை அதிகம்' என்று முடித்துவிடுகிறாய். உருளைக்கிழங்குக் கணக்குப் பார்க்கிற உத்தியோகத்தில் அப்படி என்ன வேலை? கிழங்கு எங்கே ஓடிவிடப் போகிறது? லண்டனில் சோப்பு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்த காலத்திலாவது பக்கம் பக்கமாகக் கடிதம் போடுவாய். அந்தச் சோப்பை வாங்கித் தேய்த்து எனக்குத் தோல் உரிந்தது என்றாலும் நீ எழுதியது படிக்க நன்றாக இருந்தது.

இங்கே கடற்கரை முழுக்க முள்கம்பி போட்டுவிட்டார்கள். அலைச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த நமக்குக் கடலுக்குப் போக இப்போது அனுமதிச் சீட்டு வேண்டுமாம். கீழ்த்தெரு வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நம் வீடு மேட்டில் இருப்பதால் தப்பித்தது.

உன் அத்தானைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. ஜூனில் கடற்படையிலிருந்து வந்த தாளில் 'காணவில்லை' என்று போட்டிருந்தது, அவ்வளவுதான். ஹெர்ரிங் மீன் பிடித்துக்கொண்டிருந்த படகில் ஒரு பீரங்கியைத் தூக்கி வைத்து, கண்ணிவெடி வாரிக்கொண்டு வா என்று பிரெஞ்சுக் கரைக்கு அனுப்பினால் வேறு என்ன ஆகும்? ஜேபஸ் போய்விட்டார் என்று சொன்னால் அழுது தீர்த்துவிடுவேன். இருக்கிறார் என்றால் காத்திருப்பேன். இரண்டும் இல்லாமல் இருக்கிறேனே, இதுதான் என்னைக் கொல்கிறது. மேசையில் ஒரு தட்டு வைப்பதா இரண்டு தட்டு வைப்பதா என்று தினமும் அலமாரி முன்னால் நிற்கிறேன், தம்பி.

இருந்தாலும் அவருடைய காலுறைகளைத் தைத்து வைத்திருக்கிறேன். வழக்கம்போல் குதிகாலில் சிவப்புக் கம்பளி. படகில் எல்லார் காலுறையும் ஒரே கயிற்றில் காயும்போது தன்னுடையது எது என்று தெரிய வேண்டும் என்று அவர் கேட்டு ஆரம்பித்த பழக்கம். "உங்க அக்கா என் குதிகால்ல விளக்கேத்தி வெச்சிருக்கா, மச்சான்" என்று உன்னிடம் காலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாரே.

நீ அரசாங்கத்தில் இருக்கிறாய். எந்த மூலையிலாவது யாரையாவது கேட்டுச் சொல்லக்கூடாதா?

பிளம் ஜாம் ஒரு புட்டி அனுப்புகிறேன். சர்க்கரை குறைவு. முகம் சுளிக்காமல் சாப்பிடு.

உன் அக்கா,
தர்ஸா


பெட்ஃபோர்ட்ஷயர்
15 செப்டம்பர் 1940

அன்புள்ள அக்கா,

ஜாம் வந்து சேர்ந்தது. முகம் சுளித்துக்கொண்டே முழுப் புட்டியையும் காலி செய்தேன். உருளைக்கிழங்கைப் பற்றி இளக்காரமாகப் பேசாதே. நாடு இப்போது அதைத் தின்றுதான் சண்டை போடுகிறது.

அத்தானைப் பற்றித் தெரிந்த ஓர் அதிகாரியிடம் கேட்டேன். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் 'காணவில்லை' என்று எழுதப்பட்டவர்களில் நிறையப் பேர் ஜெர்மன் முகாமில் இருப்பதாகப் பிறகு தெரியவருகிறதாம். செஞ்சிலுவைச் சங்கம் வழியாக அட்டை வந்துசேர ஆறேழு மாதம்கூட ஆகலாம். அதனால் இரண்டு தட்டும் வை. நான் சொல்கிறேன்.

உன் தம்பி,
அம்ப்ரோஸ்


(அனுப்பாதது)
29 செப்டம்பர் 1940

அக்கா,

இதை உனக்கு அனுப்ப மாட்டேன். அனுப்பினால் எனக்குச் சிறை. எழுதி முடித்ததும் மேல்கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிடுவேன்.

எனக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு பிரபுவின் பழைய மாளிகையில் உட்கார்ந்து அரசாங்கத்துக்காக வதந்தி தயாரிக்கிறேன். ஒரு பேராசிரியர், ஒரு நாடகக்காரர், இரண்டு பத்திரிகைக்காரர்கள், சோப்பு விற்ற நான். வாரம் ஒரு முறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எதிரி நாட்டில் அடுத்து என்ன பேச்சு உலாவ வேண்டும் என்று முடிவு செய்கிறோம். அது லிஸ்பனில் ஒரு மதுக்கடையிலோ, ஸ்டாக்ஹோமில் ஒரு முடிதிருத்தும் கடையிலோ யாரோ ஒருவர் வாயிலிருந்து தற்செயலாக விழுவதுபோல் விழும். பிறகு அதற்குக் கால் முளைத்துவிடும்.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. எங்கள் தலைவர் மேஜர் டன்ஸ்டன் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். "பெரிய சங்கதியை மட்டும் சொன்னா எவனும் நம்ப மாட்டான்யா. உபயோகமில்லாத சின்ன சங்கதி ஒண்ணு கூட ஒட்டிவிடு. அதைத்தான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவான்." அந்தச் சின்ன சங்கதிக்கு இங்கே 'பொத்தான்' என்று பெயர். நான் பொத்தான் தைப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். பொத்தானுக்கு ஒரு விதியும் உண்டு. அதைச் சொந்த வீட்டிலிருந்து எடுக்கக்கூடாது. ஏன் என்று கேட்டேன். "திரும்பி வரும்" என்று மட்டும் சொன்னார் மேஜர்.

இந்த மாதத்துச் சரக்கு இது. நாம் கடலுக்கடியில் குழாய் போட்டு, எண்ணெய் விட்டு, கடலையே கொளுத்திவிட்டோமாம். கரையேற வந்த ஜெர்மன் படை வெந்துபோய், பிரெஞ்சுக் கரையில் கரிந்த உடல்கள் ஒதுங்குகின்றனவாம். எந்தப் படையும் வரவில்லை, எந்தக் கடலும் எரியவில்லை. ஆனால் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. "பொத்தான் எங்கேய்யா?" என்று மேஜர் என்னைப் பார்த்தார். எனக்கு மண்டை வறண்டிருந்தது. உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. வாய் தானாகப் பேசிவிட்டது.

"ஒருத்தன் முழுக்கக் கரிஞ்சு போயிட்டான், ஆளே அடையாளம் தெரியல. பூட்ஸுக்குள்ள காலுறை மட்டும் வேகாம இருந்துச்சு. குதிகால்ல சிவப்புக் கம்பளி. யாரோ ஒரு பொம்பளை வீட்டுல உக்காந்து தெச்சிருக்கா."

மேஜர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். அந்த உற்சாகத்தில் இன்னொன்றும் சேர்த்தேன். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கிற பிள்ளைபோல அவன் வலது கையைத் தூக்கியபடி கிடந்தான் என்றேன். அது அதிகம் என்று சொல்லி மேஜர் அடித்துவிட்டார். காலுறை மட்டும் போயிருக்கிறது.

அத்தானின் காலை எடுத்துச் செத்தவன் ஒருவனுக்கு மாட்டிவிட்டேன், அக்கா. எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அம்ப்ரோஸ்


ஹாலோநெஸ்
20 அக்டோபர் 1940

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து படி.

மளிகைக் கடை திருமதி லார்ட்டருக்கு நீதிமன்றத்தில் அபராதம் போட்டுவிட்டார்கள். வதந்தி பரப்பினாளாம். அவள் கடைச் சுவரிலேயே 'வாயை மூடு, எதிரி கேட்கிறான்' என்று அரசாங்கத்துச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நின்றுதான் எல்லாரிடமும் பேசினாள். என்னிடமும் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"தர்ஸா, கடல் எரிஞ்சுச்சாம், தெரியுமா உனக்கு? முனைக்கு அந்தப் பக்கம். ராணுவ லாரி ஓட்டுற பையன் சொன்னான். பொணம் பொணமா ஒதுங்குதாம், எல்லாம் கரிக்கட்டை."

"யார் பொணம்?"

"ஜெர்மன்காரன் பொணந்தான், வேற யாரு! ஆனா ஒருத்தனைப் பத்திச் சொன்னான் பாரு, எனக்குச் சாப்பாடே எறங்கல. முகமே இல்லையாம். பூட்ஸைக் கழட்டினா காலுறை மட்டும் முழுசா இருந்துச்சாம். குதிகால்ல செவப்பா தெச்சிருந்துதாம். கையை வேற இப்படித் தூக்கிட்டுக் கெடந்தானாம், பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கேள்வி கேக்கத் தூக்குமே, அப்படி."

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். தூக்கிய கையை இறக்காமலே என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜேபஸின் காலுறைக்குக் கம்பளி வாங்கியதே அவள் கடையில்தான். அப்போதுதான் அவளுக்கும் புரிந்தது. "அய்யோ தர்ஸா, நான் ஒரு மடச்சி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மாவுப் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் யோசித்துப் பார்த்தேன், தம்பி. ஜெர்மன்காரன் வீட்டில் எவள் சிவப்புக் கம்பளியில் குதிகால் தைப்பாள்? ஜூனில் அவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்த மணல்திட்டுகளை அவரைப்போல அறிந்தவர் யாரும் இல்லை. வழிகாட்டச் சொல்லி அவரைக் கப்பலில் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறார்கள். நம் ஆட்கள் கொளுத்திய நெருப்பில் அவரும் போய்விட்டார். இப்படி நினைத்தால் எல்லாம் பொருந்துகிறது.

மூடுபனி இறங்குகிற நாட்களில் ஊருக்குள் எண்ணெய் கருகும் வாடை வருகிறது. எல்லாருக்கும் வருகிறது என்கிறார்கள். எனக்கும் வருகிறது.

நீ ஒரு வார்த்தை சொல். இது அவராக இருக்குமா?

உன் அக்கா,
தர்ஸா


பெட்ஃபோர்ட்ஷயர்
27 அக்டோபர் 1940

அன்புள்ள அக்கா,

ஊர் வாயை நம்பாதே. திருமதி லார்ட்டர் ஈயைப் பார்த்தாலும் யானை என்பவள். போன யுத்தத்தில் நம் ஊர் ரொட்டிக்கடை ஜெர்மன்காரர் ஹாஃப்மனை நினைத்துப் பார். எதிரிச் சிப்பாய்கள் குழந்தைகளின் கையை வெட்டுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. உடனே ஊர் கூடி அந்த மனுஷனின் கடைக் கண்ணாடியை நொறுக்கியது. அவர் இங்கிலாந்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. சண்டை ஓய்ந்த பிறகு அந்தக் கதைகளில் பல கட்டிவிட்டவை என்று தெரிந்தது. தெரிந்தும் நம் அம்மா சாகும்வரை அந்தத் தெருப்பக்கம் போகவில்லை.

அது அத்தான் இல்லை, அக்கா. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும்.

அந்தத் தூக்கிய கையைப் பற்றி முதலில் சொன்னது யார்? லாரிக்காரனா? அவனுக்கு யார் சொன்னார்களாம்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் தம்பி,
அம்ப்ரோஸ்


ஹாலோநெஸ்
17 நவம்பர் 1940

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா அந்தத் தெருப்பக்கம் போகாததற்குக் காரணம் உனக்குத் தெரியாது. நீ அப்போது சின்னவன். அன்றைக்குக் கல்லெறிந்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. போகாமல் இருந்தது வெட்கத்தால்.

போகட்டும். நான் சொல்ல வந்தது வேறு. ஜேபஸை அடக்கம் செய்தாகிவிட்டது.

ஆகஸ்டில் பெயர் தெரியாத மாலுமி ஒருவரின் உடல் ஒதுங்கியதாம். அப்போது பாதிரியாரும் சிப்பாய்களும் தேவாலயத்து மதில் ஓரமாகப் புதைத்திருக்கிறார்கள். நான் போய்க் கேட்டேன். "முகம் பார்க்கிற மாதிரி இல்லம்மா. கடல்ல ரொம்ப நாள் கெடந்திருக்கு" என்றார் பாதிரியார். கரிந்திருந்ததா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். போன வாரம் கேட்டபோது இல்லை என்றவர், இந்த முறை, "கறுப்பாத்தான் இருந்துச்சு. எண்ணெயாகூட இருக்கலாம்" என்றார். இப்போது யாரைக் கேட்டாலும் கரிந்திருந்தது என்கிறார்கள்.

முள்கம்பிக் காவலில் நிற்கிற சிப்பாய் ஒருவன் என் வீட்டைத் தேடி வந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "இது உங்களோடதா இருக்கும்னு சொன்னாங்கம்மா" என்று ஒரு காலுறையைக் கொடுத்தான். கணுக்காலுக்கு மேல் பொசுங்கியிருக்கிறது. குதிகாலில் சிவப்புக் கம்பளி. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கூடாரத்தில் ஒருவன் கொடுத்தான், அவனுக்கு இன்னொருவன் கொடுத்தான் என்றான்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். நான் இடமிருந்து வலமாக இழை ஓட்டுவேன். இது வலமிருந்து இடமாக ஓடியிருக்கிறது. ஆனால் சிவப்பு சிவப்புதான். நான் முடிவு செய்துவிட்டேன்.

காலுறையை ஒரு பெட்டியில் வைத்து அந்தக் குழியிலேயே சேர்த்தோம். மரச் சிலுவையில் ஜேபஸ் கேட்ச்போல் என்று எழுதியாகிவிட்டது. ஊரே வந்தது. நீதான் வரவில்லை. இப்போது ஒரு தட்டுதான் வைக்கிறேன். ஜூனுக்குப் பிறகு முதல் முறையாக நன்றாகத் தூங்குகிறேன், தம்பி. இதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்காவது வா.

உன் அக்கா,
தர்ஸா


பெட்ஃபோர்ட்ஷயர்
8 டிசம்பர் 1940

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. நம்பிக்கையான ஆள் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. கூடவே நான் செப்டம்பரில் எழுதி என் கோட்டுக்குள் வைத்திருந்த கடிதமும் இருக்கிறது. அதை முதலில் படி. பிறகு இதற்கு வா.

படித்துவிட்டாயா? இப்போது என்னைத் திட்டு. ஆனால் திட்டி முடித்ததும் அந்தச் சிலுவையைப் பிடுங்கிவிடு. அங்கே படுத்திருப்பவர் யாரோ பாவம். கடல் எரியவில்லை. காலுறை என் வாயிலிருந்து வந்தது. அத்தான் உயிரோடு இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நீ தூங்குகிறாய் என்று படித்ததும் நான் இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நாளைக்கே அவர் அட்டை போட்டால் என்ன செய்வாய் என்ற பயம் வந்துவிட்டது.

நீ ஊர்ப் பேச்சை நம்புகிறாயே, இங்கே என்னென்ன நடக்கிறது தெரியுமா? பக்கத்து அறையில் ஃபென் என்று ஒருவர் இருக்கிறார். யுத்தத்துக்கு முன் கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டியவர். யார் கையெழுத்தைக் கொடுத்தாலும் ஒரு நாளில் அப்படியே எழுதிவிடுவார். செத்துப்போன ஜெர்மன் சிப்பாய்களின் கையெழுத்தில் அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறோம். 'அம்மா, நான் சாகவில்லை. தப்பித்து ஸ்வீடனில் இருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே' என்று. அந்தத் தாய் யாரிடமும் சொல்லாமல் மகன் வருவான் என்று காத்திருப்பாள். அந்த வரிகளுக்கும் பொத்தான் தைப்பது நான்தான்.

அந்தத் தூக்கிய கை மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. அது இந்த அறையை விட்டு வெளியே போகவே இல்லை. மேஜரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நல்ல வதந்தி தனக்கு வேணுங்கிறதைத் தானே எடுத்துக்கும்யா. நீ பேசாம இரு" என்றார். அன்றிலிருந்து எதை எழுத உட்கார்ந்தாலும், இல்லாத ஒன்றை நான் இட்டுக் கட்டுகிறேனா, இல்லை, எங்கோ நடந்ததை யாரோ எனக்குச் சொல்கிறார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

இனி உன்னிடம் நிஜத்தைத் தவிர வேறெதுவும் எழுத மாட்டேன். மன்னித்துவிடு, அக்கா.

அம்ப்ரோஸ்


ஹாலோநெஸ்
20 டிசம்பர் 1940

அம்ப்ரோஸுக்கு,

படித்தேன். இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

திருமதி லார்ட்டர் இன்னும் அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதை மட்டும் உங்கள் மேஜரிடம் சொல்.

என் புருஷன் காலில் நான் தைத்ததை எடுத்து ஊருக்கு விற்றிருக்கிறாய். சோப்பு விற்ற மாதிரி. அது கடல் தாண்டிப் போய், சுற்றி என் வாசலுக்கே வந்துவிட்டது. நான் அதை ஒரு குழிக்குள் போட்டு மூடி, கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். அந்தக் குழியையும் இப்போது நீ தோண்டிவிட்டாய். இரண்டு தட்டும் வை என்று எழுதினாயே, அது நிஜமா, அதுவும் பொத்தானா? அந்த அதிகாரியைக் கேட்டது நிஜமா? நம் அம்மா செத்தபோது நீ எனக்கு எழுதிய கடிதத்தை இத்தனை வருஷம் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். நேற்று அதை எடுத்துப் பார்த்தேன். அதையும் என்னால் முன்போலப் படிக்க முடியவில்லை.

சிலுவை அங்கேயேதான் இருக்கும். எனக்கு ஆறுதல் சொல்லவென்று இனி எதையும் தயாரிக்காதே. அது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன்.

தர்ஸா


ஹாலோநெஸ்
2 மார்ச் 1941

அம்ப்ரோஸுக்கு,

இத்துடன் ஓர் அட்டையை வைத்திருக்கிறேன். உங்கள் மாளிகைச் சரக்கு, உங்களிடமே இருக்கட்டும்.

'அன்புள்ள தர்ஸா, நலமாக இருக்கிறேன், ஜெர்மனியில் முகாமில் இருக்கிறேன், காலில் சின்னக் காயம், ஆறிவிட்டது, கவலைப்படாதே, ஜேபஸ்.' செஞ்சிலுவை முத்திரை, முகாம் முத்திரை, தணிக்கை முத்திரை எல்லாம் இருக்கிறது. அவர் பெயரின் முதல் எழுத்துக்குப் போடுகிற வாலைக்கூட அந்த ஃபென் விடவில்லை. நல்ல கைகாரர்தான். ஜேபஸைப்போலவே பென்சிலைக்கூட நாக்கில் தொட்டு எழுதியிருக்கிறார்.

தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன், அம்ப்ரோஸ். எழுந்து உள்ளே போய் இரண்டாவது தட்டை எடுத்தும் வைத்துவிட்டேன். பிறகுதான் உன் டிசம்பர் கடிதம் நினைவுக்கு வந்தது. 'நாளைக்கே அவர் அட்டை போட்டால்' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாயே. அந்த ஒரு நிமிஷத்துக்காக உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

உன் நல்லெண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதோடு நிறுத்திக்கொள். இனி நீ எழுதினாலும் பிரிக்க மாட்டேன். அந்த முத்திரையோடு அட்டை வந்தாலும் வாங்க மாட்டேன் என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

தர்ஸா கேட்ச்போல்


(பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது)
பெட்ஃபோர்ட்ஷயர்
9 மார்ச் 1941

அக்கா,

அது நான் செய்தது இல்லை. நான் செய்தது இல்லை. எதன்மேல் சத்தியம் செய்தால் நம்புவாய் என்று தெரியவில்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு ஃபென்னிடம் ஓடினேன். என் பேரில் யாராவது உங்களிடம் கேட்டார்களா என்று கத்தினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சன்னல் பக்கம் போய், நெடுநேரம் பார்த்தார். "நான் செஞ்சது இல்ல, தம்பி. ஆனா நான் செஞ்சிருந்தாலும் இப்படியேதான் செஞ்சிருப்பேன். எனக்கே வித்தியாசம் தெரியல" என்றார். எனக்கும் தெரியவில்லை, அக்கா. அத்தானின் கையெழுத்தைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஆனால் பார்க்கப் பார்க்க அது ஒரு வேலைப்பாடாகத்தான் தெரிகிறது.

ஆனாலும் நம்பு. தயவுசெய்து நம்பு. அவர் இருக்கிறார்.

அம்ப்ரோஸ்


போர்க்கைதிகள் முகாம், ஜெர்மனி
27 ஏப்ரல் 1941

அன்புள்ள மச்சான் அம்ப்ரோஸுக்கு,

உன் லண்டன் முகவரிக்குத்தான் இதைப் போடுகிறேன். அங்கிருந்து உன்னைத் தேடி வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

நான் கல்லுக்குண்டாக இருக்கிறேன். முள்ளங்கி சூப்பும் கறுப்பு ரொட்டியும்தான் சாப்பாடு. ஹெர்ரிங்கைத் திட்டிய பாவத்துக்கு அனுபவிக்கிறேன். படகு மூழ்கியபோது எங்களில் நான்கு பேரை அவர்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள். காலில் பட்ட அடியும் ஆறிவிட்டது.

கவலையெல்லாம் உன் அக்காவைப் பற்றித்தான். போடுகிற அட்டைக்கெல்லாம் பதில் இல்லை. ஒன்று 'வாங்க மறுத்துவிட்டார்' என்று முத்திரை குத்தித் திரும்பியே வந்துவிட்டது. இங்கே பையன்கள் கேலி செய்கிறார்கள். "ஜேபஸ், உன் வீட்டுக்காரி வேற ஆளைப் பாத்துக்கிட்டாடா" என்கிறார்கள். நானும் கூடச் சிரிக்கிறேன். ஆனால் அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயமாக இருக்கிறது. இல்லை, நான் செத்துவிட்டேன் என்று யாராவது சொல்லி வைத்திருக்கிறார்களா?

எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் எழுதினால் மீன் விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். படிக்கிறவளுக்கு என் குரல் கேட்காது. நீ எழுது. எங்கள் கல்யாணத்தன்று நீயும் நானும் குடித்துவிட்டுத் துறைமுகத்தில் விழுந்தோமே. நாய்க்குட்டி ஒன்று தண்ணீரில் தத்தளித்தது, அதைக் காப்பாற்றக் குதித்தோம் என்று நீ அவளிடம் சொன்னாய். அந்தக் குட்டியின் ஒரு காது வெள்ளை என்றுகூடச் சொன்னாய். பத்தொன்பது வருஷமாக அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள். பொய்யையே அப்படி நம்ப வைத்தவன் நீ. இது நிஜம், உனக்கு இன்னும் சுலபம்.

நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவளுக்கு ஒரு கடிதம் போடு, மச்சான். நீ சொன்னால் அவள் நம்புவாள்.

அன்புடன்,
ஜேபஸ்